தோட்டத்து மனையும் தமிழ்க் கதையும்

கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் செய்யுளை அறியாத தமிழாசிரியர் இரார். புதிதாக இல்லறம் ஏற்ற இளம்பெண் ஒருத்தி தயிரைத் தன் கையாற் பிசைகின்றாள். கையைக் கழுவவும் பொழுதின்றி உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கின்றாள். தாளிதப் புகை கண்ணை உறுத்துகின்றது. அவள் ஆக்கிய குழம்பு நன்றாயிருக்கின்றது எனக் கணவன் உண்கின்றான். அவள் முகத்திலே தோன்றியும் தோன்றாத ஒரு மகிழ்ச்சி. செய்யுள் அவ்வளவே. மகள் குடித்தனம் செய்யும் வீட்டுக்குப் போய்வந்த செவிலி நற்றாய்க்குக் கூறியதாக அஃது அமைந்துள்ளது. அதில் அரசன் இல்லை, போர் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. ஓர் அடுக்களையும், அதனைக் காணச் சென்ற ஒருத்தியின் கண்ணுமே உண்டு.

மலேசியத் தமிழ்ப் புனைகதையைப் பற்றிய திறனாய்வுகள் இந்த அளவுகோலை எடுப்பது அரிது. சயாம் மரண ரயில், தொண்டர் படை, வேலை அனுமதிச் சீட்டு, தோட்டத் துண்டாடல் ஆகிய பெருநிகழ்ச்சிகள் ஒரு நாவலில் இடம்பெற்றால் அது வரலாற்று ஆவணம் எனப் போற்றப்படுகின்றது. இடம்பெறாவிடின் அது வெறுங் குடும்பக் கதை எனத் தள்ளப்படுகின்றது. இம்மதிப்பீடு பொருந்துமா என்பதை, கெடா மாநிலத்தையும் அம்மண் தந்த எழுத்தாளர்களையும் முன்வைத்து ஆராய்வது பயன் தரும். ஏனெனில் சுங்கை பட்டாணி, லூனாஸ், பீடோங், கூலிம் வட்டாரங்கள் இந்நாட்டுத் தமிழ்க் கதையுலகுக்குக் குறிப்பிடத்தக்க சிலரைத் தந்துள்ளன. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் ஆகியோர் அவருட் சிலர். இவர்களுட் பலர் ஆசிரியத் தொழிலர் என்பதும் நோக்கத்தக்கது.

பொழுதும் மனையும்

தொல்காப்பியர் மருத நிலத்துக்கு வைகறையையும் விடியலையும் பொழுதாக வகுத்தார். ஊடலை அதன் உரிப்பொருளாகக் கொண்டனர் முன்னோர். முல்லைக்குரிய பொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல், அதாவது தலைவன் வரவு நோக்கி ஆற்றியிருத்தல். இவ்விலக்கணத்தை ரப்பர்த் தோட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு வெளிப்படும்.

ரப்பர் மரத்திற் பால் நன்கு சுரப்பது காலைக் குளிர்ச்சியில். ஆகவே தோட்டத்தின் வைகறை பிரட்டுக்கு உரியதாயிற்று. கணவனும் மனைவியும் இருள் பிரியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தத்தம் நிரைக்கு ஓடவேண்டும். ஊடுதற்கு அங்கே விடியல் இல்லை. எனவே ஊடல் மாலைக்குத் தள்ளப்பட்டது. மாலையிலோ மனைவி வாயிலை நோக்கியிருக்கின்றாள். கணவன் கள்ளுக்கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. முல்லையின் பொழுதிலே மருதத்தின் பூசல் நிகழ்கின்றது. ஆற்றியிருத்தலும் ஊடலும் ஒரே பெண்ணிடம், ஒரே நாழிகையில், ஒரே வாயிற்படியில் வந்து கலக்கின்றன. திணை மயங்குதல் விலக்கப்பட்டதன்று என்றே தொல்காப்பியரும் கூறினார். அவர் நூல் செய்த நாளில் ரப்பர் மரம் தமிழர் கண்டறியாதது. ஆயினும் அவர் வகுத்த நெறி அம்மரத்தின் நிழலிலும் நின்று பயன்படுகின்றது.

தோட்டத்துக் கதைகளிற் குடிகாரக் கணவனும் அழும் மனைவியும் மிகுதியும் வருவதைப் பலர் குறைகூறுவர். குறை அவர்கள் வருவதில் இல்லை. அவர்களின் பூசல் எந்தப் பொழுதிலிருந்து பிறந்தது என்பதை ஆசிரியர் காணாமையே குறை. பொழுதைக் கண்டு எழுதிய கதையில் அக்கணவன் கொடியவனாக மட்டும் நில்லான். விடியலை இழந்தவனாகவும் தெரிவான்.

மழையும் இவ்வாறே. மரம் நனைந்தால் பால் வெட்ட இயலாது, கூலி குறையும். ஆயின் அன்றுதான் தாய் பகலில் வீட்டிலிருப்பாள். அடுப்பு இருமுறை எரியும். பிள்ளைகள் அவள் மடியிற் கிடப்பர். தாய்க்குக் கவலை தரும் அதே மழை மக்களுக்குத் திருவிழாவாகின்றது. ஒரு நாளின் வரவும் செலவும் இங்ஙனம் ஒரே மழையில் அடங்கிக் கிடப்பதை நுணுகிக் காட்டும் கதை, துரையின் கொடுமையை முழங்கும் பத்துக் கதைகளினும் தோட்டத்தை நன்கு அறிவிக்கும்.

சலிப்பின் காரணம்

இலங்கை மலையகத்துக்குச் சென்று ஒப்புநோக்குதல் இங்கு வேண்டப்படுகின்றது. புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய ‘துன்பக்கேணி’ தேயிலைத் தோட்டத்தின் துயரைத் தமிழ் வாசகர் நெஞ்சில் ஆழப் பதித்தது. அது வெளியிலிருந்து நோக்கிய பெருங்கலைஞனின் படைப்பு. தீமை செய்வோர் யாவர், அதனைச் சுமப்போர் யாவர் என்பது அதிற் கோடிட்டாற்போல் விளங்கும். மலையகத்திலேயே பிறந்து வளர்ந்த தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையை எழுதினார். ஒற்றை அறை லயத்தில், வளர்ந்துவிட்ட பிள்ளைகளோடு ஒருங்கு உறங்கவேண்டிய பெற்றோரின் நாணமே அதன் பொருள். அக்கதையில் துன்பத்தைச் செய்பவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்டல் எளிதன்று. சுவரே துன்பத்தைச் செய்கின்றது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையே குடும்பக் கதையை மதிப்பிடும் திறவுகோலாகும். மனைவாழ்வின் சலிப்புகள் பெரும்பாலும் பகைவனாற் பிறப்பன அல்ல. விறகு நனைந்திருத்தல், தண்ணீர்க் குழாயில் வரிசை நீளுதல், பக்கத்து வீட்டாரின் பேச்சு பலகைச் சுவரைத் தாண்டி வருதல், மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பிற் சமைத்தல், கடைப்புத்தகத்தில் கடன் ஏறுதல் ஆகிய இவையே நாள்தோறும் மனிதரைத் தேய்க்கின்றன. இவற்றைக் கூறப் பொறுமை வேண்டும். பொறுமையில்லாத ஆசிரியர் ஒரு தண்டலையோ கிராணியையோ கொடியவராக்கிக் கதையை விரைந்து முடித்துவிடுகின்றார்.

வெளியிலிருந்து வந்து எழுதியோரையும் குறைத்து மதிப்பிடல் தகாது. அகிலன் மலேசியாவுக்கு வந்து சென்றபின் ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவலைத் தந்தார். தோட்டங்கள் துண்டாடப்படும் இடரைத் தமிழகத்து வாசகர் பலர் அறியக் காரணமாயிருந்தது அந்நூல். ஆயினும் விருந்தினன் காணும் வீடு கூட்டி மெழுகிய வீடு. உள்ளே வாழ்பவனே மெழுகாத மூலையை அறிவான். சீ. முத்துசாமியின் ‘மண் புழுக்கள்’ அந்த மூலையிலிருந்து எழுதப்பட்டது. தோட்டத்து மக்களின் பேச்சு திருத்தப்படாமல் அந்நாவலில் இடம்பெறுவது அழகு கருதியது மட்டுமன்று; அப்பேச்சின்றி அவ்வீட்டின் சலிப்பைச் சொல்ல வேறு வழியில்லை. 2017ஆம் ஆண்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது தமிழ் கூறும் நல்லுலகம் இதனை உணர்ந்தமைக்குச் சான்று.

கையறு நிலை

இழப்பைக் கூறுவதில் மலேசியத் தமிழ் நாவல் வலிமை பெற்றுள்ளது என்பதை மறுத்தல் இயலாது. 1942 முதல் 1943 அக்டோபர் வரை சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா இருப்புப்பாதையில் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர் மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகியன அத்துயரைக் கூறும் நாவல்கள்.

2021இல் வெளிவந்த ‘கையறு’ என்னும் நூலின் பெயரைத் தமிழாசிரியர் ஊன்றி நோக்குதல் தகும். கையறுநிலை புறத்துறை. தலைவன் மாய்ந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்துவது அதன் பொருள். பாரி மறைந்தபின் கபிலர் பாடியவை இத்துறைக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் அறிந்தவை. அத்துறை மாண்டவனின் பெயரை வேண்டுகின்றது, புகழை வேண்டுகின்றது, நடுகல்லை வேண்டுகின்றது. சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவனுக்கோ பெயர் உண்டு, புகழ் இல்லை. சாவு உண்டு, கல் இல்லை. பலரைப்பற்றி மாண்டார் என்ற சொல்லும் வீடு வந்து சேரவில்லை. அவ்வாறாயின் மனைவி என்ன செய்வாள்? பொட்டு வைப்பதா, அழிப்பதா? திதி கொடுப்பதாயின் எந்த நாளில்? கணவன் வருவான் என்று இருந்தால் அது முல்லை. வரமாட்டான் என்று அழுதால் அது கையறுநிலை. இரண்டில் எதுவென்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருத்தற்கு இலக்கண நூலார் பெயரிடவில்லை. காட்டில் மாண்டோரின் துயரோடு தோட்டத்தில் எஞ்சியோரின் துயரையும் சேர்த்துக் காண்பதனால், புறத்துறை ஒன்றின் பெயர் மனைக்குள் வந்து நிற்கின்றது. அந்நூலின் சிறப்பு இதுவே. இருப்புப்பாதையின் நீளத்தைக் கூறுவது வரலாறு. ஒருத்தி மாலைதோறும் எத்தனை முறை வாயிலுக்கு வந்தாள் என்பதைக் கூறுவது இலக்கியம்.

ம. நவீனின் ‘பேய்ச்சி’ வேறோர் இழப்பைத் தொடுகின்றது. 1981இல் லூனாசில் நஞ்சு கலந்த சம்சு அருந்திப் பலர் மாண்டனர். அந்நிகழ்ச்சி நாவலின் ஒரு கூறு. ஆனால் நடுவில் நிற்பவள் ஓலம்மா என்னும் தாய். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து வந்த பேச்சியம்மன் ஊட்டுபவளாகவும் உண்பவளாகவும் இருமுகம் உடையவள். அவ்விரு முகத்தையும் லயத்து வீட்டுத் தாயிடம் காட்ட முனைந்ததே ஆசிரியரின் முயற்சி. நாளேட்டில் ஒருநாட் செய்தியாக முடிந்த சாவுகள் ஒரு வீட்டின் கதையான பின்னரே அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்கின்றன.

உலா எங்கே?

இழப்பில் வல்ல இக்கதைகள் மகிழ்ச்சியில் மெலிந்தவை. இஃது அன்பர்கள் விரும்பாத கூற்றாயிருக்கலாம், ஆயினும் கூறவேண்டியது. தோட்டத்துக் குடும்பம் வெளியே சென்ற நாள்கள் இல்லையா? சம்பளம் போட்ட வாரத்தில் பட்டணம் போதல், பிள்ளைக்குச் செருப்பு வாங்கல், படக்கொட்டகை, கோப்பிக்கடையில் ஆளுக்கொரு ரொட்டி. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லல் ஆகியன கெடாத் தோட்டத்தார் நினைவில் நீங்காதவை. 1985இல் பாலம் திறக்கப்படும்வரை பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குச் செல்லப் படகே வழி. கடலையே முதன்முறை காணும் சிறுவனுக்கு அப்படகு எத்தகைய காப்பியம்! தை, மாசியில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், கையிற் காசும் குறையும். காசு குறையும் அப்பருவத்திலேயே தைப்பூசம் வருகின்றது. சேர்த்துவைத்த சில்லறையை எண்ணி, யார் போவது, யார் வீட்டைக் காப்பது என்று முதல்நாள் இரவு நிகழும் பேச்சில் ஒரு குடும்பத்தின் முழு நீதியும் வெளிப்படும். எனினும் அந்த இரவைப் பொறுமையாய் எழுதியோர் சிலரே.

பூசாங் பள்ளத்தாக்கையும் கருதலாம். குனோங் ஜெராய் மலையடியில், மெர்போக்கை அடுத்து, பழங்கோயிலின் கல் அடித்தளம் ஓடைக்கருகே நிற்கின்றது, அருங்காட்சியகமும் உண்டு. இந்நிலப்பகுதியே சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் என்பர். பட்டினப்பாலையிற் காணும் காழகம் என்ற சொல்லுக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் கொண்டார். 1025இல் முதலாம் இராசேந்திரன் படையெடுத்த செய்தியை மேடைதோறும் முழங்குகின்றனர். ஆனால் அங்குப் பள்ளிச் சுற்றுலா சென்ற பிள்ளையைக் கேட்டால் அது முதலிற் கூறுவது வேறு: அம்மா விடியுமுன் கட்டித்தந்த புளிச்சோறு, ஓடை நீரின் குளிர், பேருந்தில் ஒருவன் வாந்தியெடுத்தது. இராசேந்திரன் பின்னரே வருவான். இது பிள்ளையின் அறியாமையன்று. ஓரிடம் மனத்தில் தங்குவது உணவாலும் உடனிருந்தோராலும் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கின்றது, எழுத்தாளர் மறந்துவிடுகின்றார்.

மகிழ்ச்சியைக் கூறாமல் விடுவதால் நேரும் கேடு யாது? இழப்பின் அளவு தெரியாமற் போகின்றது. குறுந்தொகைத் தலைவியின் அந்தச் சிறு மகிழ்ச்சியைக் கண்டவனுக்கே, மற்றொரு பாட்டில் அவள் பிரிவால் வாடும்போது எது வாடுகின்றது என்பது விளங்கும். படகில் மகனைத் தோளில் ஏற்றிக் கடல் காட்டிய தந்தையைக் காட்டாமல், மது அருந்தி விழுந்து கிடந்த தந்தையை மட்டும் காட்டினால், அவன் சாவு ஒரு செய்தியாகுமே ஒழிய இழப்பாகாது. இன்னொரு கேடும் உண்டு. தோட்டத்தைக் கண்டறியாத இக்காலப் பிள்ளைகள், தம் பாட்டன் பாட்டியர் அழுததன்றி வேறு ஒன்றும் செய்யாதவர் என எண்ணிவிடுவர். இரங்கத்தக்கோர் என்று மட்டும் முன்னோரை அறிந்த பிள்ளைக்கு அவர்பால் இரக்கம் பிறக்கலாம். மதிப்புப் பிறத்தல் அரிது.

வீட்டு மொழி

‘பேய்ச்சி’ நாவலை 2020 டிசம்பரில் மலேசிய உள்துறை அமைச்சு தடைசெய்தது. ஒழுக்கக் கேடான பகுதிகள் உள்ளன என்பது கூறப்பட்ட காரணம். தமிழர்களுக்குள்ளேயே அதற்குமுன் கடும் வாதம் நிகழ்ந்திருந்தது. வாதிட்ட இரு சாராரும் பெரும்பாலும் ஒன்றையே பேசினர்: வசைச்சொல் வரலாமா, வரலாகாதா? அதனினும் பெரிய வினா பேசப்படவில்லை: வீட்டில் வழங்கும் சொல் எதுவும் எழுத்தில் வரலாமா?

வசை ஒரு சிறு பகுதியே. கித்தா, சடக்கு, மங்கு, நிரை, பிரட்டு எனத் தோட்டத்துக்கே உரிய சொற்கள் பல. காலை உணவைப் பசியாறுதல் என்று இந்நாட்டுத் தமிழர் வழங்குவர். ‘பசியாறிட்டியா?’ என்று அண்டை வீட்டார் கேட்பது நலம் வினவுதலும் ஆகும், அன்பும் ஆகும். அவ்விடத்தில் சிற்றுண்டி என்று எழுதினால் பொருள் நிற்கும், வீடு போய்விடும். அவையல்கிளவியை இலக்கணம் விலக்கிற்று என்பர். உண்மை. ஆனால் நெடுமொழி பேசும் தலைவனையும் வாயிலிற் பூசலிடும் மகளிரையும் ஒரே நடையிற் பேசவைக்க எந்த இலக்கணமும் பணிக்கவில்லை. நாவல் ஒன்றை வகுப்பறையில் வைக்கலாமா என்பது ஆசிரியர் தீர்மானிக்கவேண்டிய கேள்வி. மாணவரின் அகவைக்கேற்ப அதற்கு விடை கூறலாம். அது தமிழில் இருக்கலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் இரண்டுக்குமே தெளிவான விடை கிடைக்காமற் போயிற்று.

ஆசிரியர் கடன்

இவ்வளவுக்கும் தமிழாசிரியருக்கும் தொடர்பு யாது எனலாம். தொடர்பு மிகுதி. 1950இல் ‘தமிழ் நேசன்’ கதை வகுப்பு நடத்திற்று, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை வழிநடத்தினர். இந்நாட்டில் கதை எழுதும் பழக்கம் வேரூன்றியதில் அவ்வகுப்புக்குப் பங்குண்டு. கதை எழுதுதல் கற்பிக்கத்தக்கதே என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. 2019இல் அந்நாளேடு நின்றுவிட்டது. இன்று கதை வகுப்பு நடப்பது பெரும்பாலும் பள்ளியின் கட்டுரைப் பாடத்திலேயே.

அங்கே நிகழ்வது என்ன? ‘குடும்பத்துடன் சென்ற உல்லாசப் பயணம்’ என்று தலைப்புக் கொடுத்தால், கதிரவன் செங்கதிர்களைப் பரப்புகின்றான். பறவைகள் கீதம் இசைக்கின்றன. எல்லாரும் மட்டற்ற மகிழ்ச்சியோடு இல்லம் திரும்புகின்றனர். நாற்பது ஏட்டிலும் ஒரே கதிரவன். இவ்வடிகளை மனப்பாடம் செய்யச் சொன்னவர் ஆசிரியரே. தேர்வுப் புள்ளிக்காகச் சொன்னார். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. காரணம் போனபின்னும் பழக்கம் போகவில்லை. மகிழ்ச்சியைத் தன் கண்ணால் கண்டு எழுதப் பத்து வயதிற் பழகாதவன், நாற்பது வயதில் நாவல் எழுதும்போது உலாவை விட்டுவிட்டு இழவு வீட்டுக்கே செல்வதில் வியப்பென்ன? துயரம் தானே பேசும். மகிழ்ச்சியைப் பேசவைக்கப் பயிற்சி வேண்டும்.

கெடாவில் ரப்பர் நிரைகள் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டு வருகின்றன. தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன, அவ்வாழ்வைக் கே. பாலமுருகன் போன்றோர் எழுதிவருகின்றனர். தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘லாடாங்’ என்ற மலாய்ச்சொல் தோட்டத்தைக் குறித்து நிற்கின்றது. அப்பலகையைக் கடந்து வரும் பிள்ளையின் வீட்டில், பால் வெட்டிய கையுடைய பாட்டி இன்னும் சில ஆண்டு இருக்கக்கூடும். மழை பெய்த நாளில் அவள் வீட்டில் என்ன சமைத்தாள், பினாங்குக்குப் போனபோது யாரை விட்டுச்சென்றாள் என்று அப்பிள்ளை கேட்டு எழுதிவருமாயின், அதில் எழுத்துப்பிழை இருக்கலாம். கதிரவன் செங்கதிர் பரப்பமாட்டான். மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலி நற்றாயிடம் கூறியதும் அத்தகைய செய்தியே. அந்த ஏட்டைத் திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையை எங்கே வைக்கின்றார் என்பதைப் பொறுத்தே கெடாத் தோட்டத்து வீடு தமிழில் நிலைப்பதும் மறைவதும் அமையும்.